மரக்கலத்தில் எரிந்த அடுப்பு

நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பது உலகறிந்த செய்தி. ஆயினும், மனிதன் நெடுங்கடல் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு இவ்விரு பகைவரையும் ஒரே கலத்தில் வைத்துக் காக்க வேண்டியவனானான். மரமும் தாரும் கித்தானும் சணற்கயிறும் நிறைந்த கப்பலுக்குத் தீயினுங் கொடிய பகை வேறில்லை. அத்தீ இன்றேல் மாலுமிக்குச் சூடான உணவில்லை. குளிர்நாட்டு நீர்வழிகளிலே உயிர் தரித்தலும் அரிதாகும். கொல்லவும் காக்கவும் வல்ல அத்தீயை ஒரு சிறிய கூட்டுக்குள் அடக்கி வைத்ததே கப்பலடுப்பு. அடுப்பைக் கட்டிய கலையைப் போலவே, நாட்போக்கில் அதில் விழுந்த வெடிப்புக்களையும் இடுக்குகளையும் அடைத்துக் காத்த கலையும் வரலாற்றிலே இடம்பெறத் தக்கது.

துருக்கி நாட்டின் கரையோரமாக உள்ள யாசி அடா என்னும் தீவின் அருகே, 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு பைசாந்திய வணிகக் கப்பல் அமிழ்ந்தது. 1961 முதல் 1964 வரை ஜோர்ஜ் பாஸ் என்னும் தொல்லியல் அறிஞரின் தலைமையில் அதனைக் கடலடியிலே அகழ்ந்தாய்ந்தனர். கப்பலின் பின்புறத்தில் ஓடு வேய்ந்த ஒரு சமையலறையும், ஓட்டுத் துண்டுகளைக் களிமண்ணாற் பிணைத்துக் கட்டிய அடுப்பொன்றும் இருந்தமை அப்போது தெரியவந்தது. பாத்திரத்தைத் தாங்குதற்கு இரும்புக் கம்பிகளும் அதில் இருந்தன. தீயைப் பலகையினின்றும் பிரித்து வைத்தற்கு மண்ணே ஏற்றதென்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர்.

இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி றோஸ் 1545ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் கடலில் மூழ்கியது. 1982இல் அதன் உடற்பகுதி வெளியே எடுக்கப்பட்டது. அதன் அடித்தளத்திலே, நிலைப்பாரமாக இட்ட கற்களின்மேல், செங்கல்லாற் கட்டிய இரண்டு பெரிய அடுப்புக்கள் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு கொப்பரை அமைந்திருந்தது. 1628இல் தன் முதற் பயணத்திலேயே ஸ்ரொக்கோம் துறைமுகத்தில் அமிழ்ந்து, 1961இல் மீட்கப்பட்ட சுவீடன் நாட்டு வாசா கப்பலிலும் அடுப்பு அடித்தளத்திலேயே கட்டப்பட்டிருந்தது. அதற்குப் புகைபோக்கியும் இல்லை. புகை தட்டுத் தட்டாக ஏறித் தானாகவே வழி கண்டு வெளியேற வேண்டியிருந்தது.

பாரமான செங்கல்லை அடித்தளத்தில் வைத்தால் கப்பல் நிலை பெறும் என்பது உண்மையே. ஆனால் கரையில் நிற்கும் வீட்டுச் சுவர் அசைவதில்லை. கடலில் ஓடும் கப்பலோ ஒரு கணமும் அசையாதிருப்பதில்லை. அலை ஏறி இறங்குந்தோறும் கப்பலின் பலகைகள் சற்றே வளையும், நெளியும். மரம் வளைந்து கொடுக்கும். சுண்ணாம்புச் சாந்து வளையாது, வெடிக்கும். வெடிப்பினூடே தணல் நழுவினாற் கீழே இருப்பது மரம். ஆகவே, பலகை இடுக்குகளைக் கலப்பற்றுச் செய்து நீர் புகாமற் காத்தது போலவே, அடுப்பின் இடுக்குகளைச் சாந்திட்டு அடைத்துத் தீ வெளிவராமற் காப்பதும் கப்பலைப் பேணுவோரின் கடமையாயிற்று. ஒன்று வெளியிலிருக்கும் நீரைத் தடுக்கும். மற்றையது உள்ளிருக்கும் நெருப்பைத் தடுக்கும்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியக் கடற்படை செங்கல்லை விட்டு இரும்பை நாடியது. இரும்படுப்பு பாரங் குறைந்தது, அசைவையும் தாங்கியது. 1780இல் அலெக்சாண்டர் புரோடி என்னும் ஸ்கொத்லாந்து இரும்புத் தொழிலதிபர் ஒரு புதிய கப்பலடுப்புக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஒரே அடுப்பில் அவிப்பதற்குக் கொப்பரைகள், அப்பம் சுடுவதற்குப் போறணை, இறைச்சி வாட்டுவதற்குத் திறந்த தணற்றட்டு ஆகிய மூன்றும் அமைந்திருந்தன. புகைபோக்கியினூடே மேலெழும் சூடான காற்று ஒரு விசிறியைச் சுழற்றும். அவ்விசிறி இறைச்சி கோத்த கம்பிகளைத் திருப்பும். கொப்பரையில் எழும் நீராவியைக் குளிரவைத்துச் சிறிதளவு நன்னீர் பெறவும் வழி இருந்தது. கடல்நீரை இவ்வாறு வடிக்குங் கருவிக்காக சாள்ஸ் இர்விங் என்னும் மருத்துவருக்கு 1772இலேயே பாராளுமன்றம் 5,000 பவுண் பரிசளித்திருந்தது.

நெல்சன் பிரபுவின் விக்ரறி கப்பலில் ஏறத்தாழ 820 பேருக்கு உணவு சமைத்தது இத்தகைய புரோடி அடுப்பேயாகும். போர் நெருங்கியதும் முதலில் அணைக்கப்படுவன அடுப்பின் தீயும் அதுபோன்ற பிற தீக்களுமே. வெடிமருந்தும் தணலும் ஒரே கப்பலில் ஒரு வேளையில் இருத்தலாகாது என்பது அக்காலக் கடற்படையின் கண்டிப்பான விதி.

பெருங்கடலை விட்டு இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களுக்கு வந்தால், அடுப்பின் கதை ஒரு குடும்பத்தின் கதையாக மாறிவிடுகின்றது. 1761இல் ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த பிரிட்ஜ்வாற்றர் கால்வாய் நிலக்கரிப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவற்றுள் பலவற்றில் ஓடியவை ஏறத்தாழ 70 அடி நீளமும் 7 அடி அகலமுமே கொண்ட ஒடுங்கிய படகுகள். 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டியின் போட்டி வலுத்தது, கூலி குறைந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்க இயலாத படகோட்டிகள் மனைவி மக்களையும் படகிலேயே குடியேற்றினர். சரக்கு நிறைந்த படகின் பின்புறத்தில் 10 அடி நீளமுள்ள ஒரு சிறு அறையே அவர்களுக்கு வீடும் மனையுமாயிற்று.

அவ்வறையுள் இறங்குவோரின் இடக்கைப்புறத்தில் வார்ப்பிரும்படுப்பு இருக்கும். அதனருகே நிலக்கரிப் பெட்டி. அப்பெட்டியே உள்ளிறங்கும் படியுமாகும். சுக்கான் பிடிப்பவர் வாயிலில் நின்றவாறே அடுப்பின் சூட்டைப் பெறலாம். பானையையும் ஒரு கண்ணாற் பார்க்கலாம். தாழ்ந்த பாலங்கள் வரும்போது கழற்றி வைப்பதற்கேற்பப் புகைபோக்கி தனித்துண்டாக அமைந்திருக்கும். அடுப்பைக் கறுப்பு மை தேய்த்துப் பளபளக்கச் செய்வதைப் படகுப் பெண்கள் தமது பெருமையாகக் கொண்டனர்.

பெருமையின் பக்கத்திலேயே துன்பமும் இருந்தது. இத்தகைய சிற்றறைகளிற் குழந்தைகள் நெருங்கி வாழ்ந்த நிலையை ஜோர்ஜ் சிமித் என்னும் சீர்திருத்தவாதி எடுத்துரைத்துப் போராடினார். அதன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. 1884இல் அது வலுப்படுத்தப்பட்டது. குடியிருப்புப் படகுகள் பதியப்பட வேண்டும், அறையின் அளவுக்கேற்ப ஆட்டொகை வரையறுக்கப்பட வேண்டும் என்பன அதன் விதிகள். அறையின் காற்றைப் பற்றிச் சட்டம் கவலைப்பட்டது காரணமின்றி அன்று. எரியும் அடுப்பும் உறங்கும் மனிதரும் அங்கே பகிர்ந்துகொண்டது ஒரே காற்றையே.

இவ்வடுப்பு ஏன் அடிக்கடி பழுதுறுகின்றது? வார்ப்பிரும்பு சூடேறினால் விரியும், ஆறினாற் சுருங்கும். தகடுகளை இணைக்கும் சாந்து அதே அளவு விரிவதில்லை. அன்றியும், படகு நீரடைப்பின் கற்சுவரில் ஒருமுறை மோதினாலும் பொருத்துக்கள் அதிரும். நாளடைவிற் சாந்து பொடியாகி உதிர, அடுப்பின் உடலில் மயிரிழை போன்ற இடுக்குகள் தோன்றும். அவற்றாலே இருவகைக் கேடு விளையும். கீழ்ப்பகுதியிலும் கதவோரத்திலும் இடுக்கு விழுந்தால் வேண்டாத காற்று உட்புகும். காற்றடைப்பை மூடினாலும் தீ அடங்காது. இரும்பு செந்நிறமாகிப் பக்கத்துப் பலகை கருகும். புகைவழியில் இடுக்கு விழுந்தாலோ நச்சுவாயு அறைக்குள் வரும்.

அந்நச்சுவாயுவே காபனோரொட்சைட்டு. போதிய காற்றின்றி நிலக்கரி புகைந்தெரியும்போது அது மிகுதியாக உண்டாகும். இரவில் தீ அணையாதிருக்கும்பொருட்டு அடுப்பை மூடி வைக்கும் வேளையே அதற்கு வாய்ப்பான வேளை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணையும். புகையாவது கண்ணைக் கரித்து எச்சரிக்கும். இதுவோ தலைவலியும் மயக்கமுந் தந்து, உறங்குபவரை உறக்கத்திலேயே கொண்டு செல்லும்.

ஆகவே பழுதுபார்ப்போர் முறை தவறுதல் ஆகாது. தீயை முற்றாக அணைத்து, இரும்பு ஆறிய பின்னரே வேலை தொடங்கும். பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, கம்பித் தூரிகையாற் கறளையும் கரியையும் நீக்குவர். தூய்மையற்ற இரும்பிற் சாந்து பற்றாது. பின்னர் பொருத்தைச் சிறிது ஈரமாக்கித் தீச்சாந்தை ஆழ அழுத்துவர். வெப்பந்தாங்கும் களிமண்ணும் சோடியம் சிலிக்கேற்றும் கலந்த சாந்து அது; சூடேறினாற் கல் போல இறுகும். ஆனால் பூசியவுடன் பெருந்தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சாந்தைப் பிளந்துவிடும். ஒரு நாளாவது உலரவிட்டு, அதன்பின் சிறுதீயிற் தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்றுதலே முறை. தகடே பிளந்திருப்பின் சாந்து பூசி மறைத்தல் பயனற்றது. தகட்டையே மாற்றல் வேண்டும்.

கதவைச் சுற்றி வெப்பந்தாங்கும் கயிறு பதிக்கப்படும். ஒரு தாளைக் கதவிடையே வைத்து மூடி இழுத்துப் பார்ப்பர். தாள் எளிதாக வந்தாற் கயிறு தேய்ந்துவிட்டது என்பது பொருள். முற்காலத்தில் இக்கயிறு கல்நாரால் ஆனது. அதன் நுண்தூள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் விளைப்பதென அறியப்பட்டபின், 1999இல் பிரித்தானியாவிற் கல்நார் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இன்று கண்ணாடியிழைக் கயிறே அதனிடத்தில் உள்ளது. பழைய அடுப்பிலிருக்கும் கயிற்றை இன்னதென்று அறியாது பிய்த்தெடுத்தல் ஆபத்தாகும். இறுதியாகப் புகையுருண்டை கொளுத்தி, எந்தப் பொருத்திலேனும் புகை கசிகின்றதா எனச் சோதிப்பர்.

1962–63ஆம் ஆண்டுக் கடுங்குளிரிற் கால்வாய்கள் உறைந்தன. சரக்குத் தொழில் தளர்ந்தது. அதர்ஸ்ரனிலிருந்து இலண்டனுக்கு மேற்கேயுள்ள பழப்பாகுத் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுசென்ற நெடுந்தூரச் சேவை 1970இல் முடிந்தது. சரக்குக் காலம் மறைந்தாலும் படகுகள் மறையவில்லை. அவற்றை வீடாகக் கொண்டோர் இன்றும் உளர். அவர்களுட் பலரின் அறையில் இன்றும் நிலக்கரியும் விறகும் எரிகின்றன. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல், உறங்கும் அறையுள்ள படகுகள் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வைத்திருத்தல் வேண்டும் என்பது படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் விதியாயிற்று.

ஆயினும் கருவி ஒலிப்பது நஞ்சு வெளிவந்த பின்னரே; நஞ்சு வெளிவராமற் காப்பது சாந்தும் கயிறும் புகைபோக்கியுமேயாம். யாசி அடாவின் களிமண் முதல் இன்றைய தீச்சாந்து வரை பொருள் மாறியுள்ளது. செய்யவேண்டிய வேலை மாறவில்லை. குளிர்காலம் வருமுன் ஒரு பிற்பகற் பொழுதைச் செலவிட்டு அடுப்பின் இடுக்குகளை அடைக்கும் படகுக்காரர், தம் வீட்டாரின் உறக்கத்துக்குக் காவல் வைக்கின்றார்.