யூனிகார்ன் பெட்டி

1944இலேயே தாமிரபரணியில் மின்சாரம் எடுத்த ஊர் எங்கள் பாபநாசம். அந்தக் கரண்டில் இன்று என் மேசையில் ஓடுவது எஸ்.சி.எல். யூனிகார்ன் என்ற பழைய கணினி. இங்கிலாந்தில் 1981இல் வந்த பிபிசி மைக்ரோவின் இந்தியப் பதிப்பு, மொஹாலியில் எஸ்.சி.எல். ஆலையில் தயாரானது. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது இந்த வகைதான். நினைவகம் 32 கிலோபைட். அதற்குள் எவ்வளவு செய்தார்கள்! 1989இல் அந்த ஆலையில் பெருந்தீ. மிஞ்சிய பெட்டிகள் எனக்குப் பொக்கிஷம்.

பழைய பெட்டியை எடுத்தவுடன் கரண்டில் செருகக் கூடாது. பவர் சப்ளையிலுள்ள காகிதக் கெப்பாசிட்டரின் மேல்தோடு வெடித்து ஈரம் ஏறியிருக்கும். கரண்ட் பட்டதும் நாற்றத்தோடு புகையும். எங்கள் மலையடிவார ஈரக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். முதலில் அதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். அலமாரியில் பூட்டிவைப்பதைச் சேகரிப்பென்று நான் ஒப்பமாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த யூனிகார்னில்தான் பேசிக் மொழியில் வாய்ப்பாடு போடுகிறார்கள்.