பதிவேடும் பண்பாட்டு உடைமையும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

கலை அரும்பொருளகத்தில் சேகரிப்பைப் பேணுவோரின் பணி பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வந்து சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் வரவு எண் இட்டு, அதன் அளவு, செய்பொருள், வந்த வழி, இருக்குமிடம் ஆகியவற்றைப் பதிவதே அப்பணியின் அடிப்படையாகும். பேரேட்டிலும் அட்டைகளிலும் இருந்த இக்குறிப்புகள் பின்னர் நிழற்படங்களுடன் கணினியில் இடம்பெறலாயின. இப்பதிவுமுறை கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தமிழர் வரலாற்றுக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஸ்ரீபுரந்தான் தரும் சான்று

பதிவின் வலிமையைத் தமிழக நிகழ்வொன்று தெளிவாக்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட சோழர்கால நடராசர் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது பல்லாண்டுகட்கு முன்பே இந்தியாவைவிட்டு நீங்கியதாக வணிகர் அளித்த ஆவணங்கள் கூறின. ஆயின், அத்திருமேனி கோயிலிலேயே இருந்ததை 1994இல் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று மெய்ப்பித்தது. அப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பைச் சேர்ந்தது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வுக்காக எடுத்த படம் உரிமைக்குச் சான்றானமைக்கு அதனோடு குறிக்கப்பட்டிருந்த இடமும் காலமுமே காரணம்.

தோட்டங்களின் நிலை

கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாயிற்று. அதனைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, மலாயாவைக் களமாகக் கொண்ட நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு பெற்றார். அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. விடியற்காலைப் பெரட்டில் நின்ற தமிழர் பெயர்களோ செக்ரோல் புத்தகத்தைப் பெரிதும் தாண்டவில்லை.

தோட்டத் துண்டாடலும் பின்வந்த நில மேம்பாடும் குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. கோயில் திருமேனி, வேல், சூலம், பால் வாளி, மங்கு, தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு முதலியவையும் உடன் இடம்மாறின. எந்தத் தோட்டத்தது, யார் பயன்படுத்தியது என்னும் குறிப்பின்றி அரும்பொருளகம் சேரும் வாளி வெறும் வாளியே. குறிப்பின்றி இடம்மாறிய திருமேனியின் உரிமையை நிறுவுதலும் அரிது.

பதிவு நெறி

கலைப்பொருள்களை அடையாளம் காண்பதற்கென 1997இல் உலக அளவில் வகுக்கப்பட்ட ஆப்ஜெக்ட் ஐடி என்னும் நெறி எளிமையானது. நிழற்படம், பொருள்வகை, செய்பொருள், அளவு, எழுத்துப் பொறிப்பு, தனி அடையாளம், காலம், செய்தவர் முதலியவற்றை அது கேட்கிறது. தமிழாசிரியர் ஒருவர் அளவுநாடாவும் படக்கருவியும் கொண்டு இதனை நிறைவேற்ற இயலும். இவற்றோடு தோட்டத்தின் பெயர், பிரிவு, தகவல் தந்தவர், அவரது இசைவு ஆகியவற்றையும் சேர்த்தல் வேண்டும். கணினிப் பதிவின் படிகளை வெவ்வேறு இடங்களில் காப்பதும் இன்றியமையாதது.

முடிவுரை

பதிவு செய்வதற்காகப் பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்க்க வேண்டுவதில்லை. திருமேனி வழிபாட்டில் இருந்தவாறே பதிவில் இடம்பெறலாம். பொருளை அடையாளம் காட்டவல்ல முதியோர் இருக்கும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும். படத்தைப் பின்னரும் எடுக்கலாம். அவர்தம் நினைவை மீண்டும் பெறல் இயலாது.