சுவார்ட்ஸ் ஐயர் எழுதி வைத்துப் போனது

உயில் என்ற சொல்லை எடுத்தாலே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்பார்கள். ஆனால் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நம் முன்னோர் கூடி ஜெபித்த சபைகளைத் தாங்கியவற்றில் ஓர் உயிலுக்கும் பங்குண்டு.

கிறிஸ்தியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ் ஐயர் ஜெர்மனியில் பிறந்து, 1750ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்த நாட்களில் அவருடைய வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 48 பவுன்தான். தாமும் கட்டிலும் மட்டும் கொள்ளுமளவு ஓர் அறை, சோறும் காய்கறியும், ஒரு கறுப்பு அங்கி; அதுவே போதும் என்றிருந்தார். பிறகு படைவீரர்களுக்குக் குருவாக இருந்ததற்காகக் கம்பெனி அரசு ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அதில் பாதியைச் சபைக்குக் கொடுத்தார்.

1779இல் அவர் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார். ஹைதர் அலி வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்குச் செலவிட அரசிடம் அனுமதி கேட்டார்.

திருமணம் செய்யாமல், சிக்கனமாக வாழ்ந்ததால் முதிர்ந்த வயதில் அவர் கையில் கணிசமான பணம் சேர்ந்திருந்தது. 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் காலமானபோது, அந்தச் சொத்தை மிஷன் பணிக்கே எழுதி வைத்திருந்தார். தரங்கம்பாடியில் பிறந்து அவரிடம் பயின்ற கோலாப் ஐயர் தஞ்சாவூர் ஊழியத்தை ஏற்றார்.

அந்தப் பணத்தின் அருமை அடுத்த ஆண்டுகளில்தான் தெரிந்தது. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40. 1785இல் கிளாரிந்தா அம்மையார் கட்டுவித்த ஆலயம் பிரதிஷ்டையானது. 1790இல் சத்தியநாதன் போதகராக அபிஷேகம் பெற்றார். 1799இல் முதலூர் உருவானது. சபைகள் பெருகின, வருகிற மிஷனெரிகளோ மிகக் குறைவு. ஊர் ஊராகப் போய்ப் போதித்தவர்கள் நம்மவரான போதகர்களும் உபதேசிமார்களும். அவர்களுக்கும் வீடும் வயிறும் உண்டு. அவர்களுடைய ஆதரவுக்குத் தஞ்சாவூர் மிஷனையே நம்ப வேண்டியிருந்தது. அந்த மிஷனின் கையில் சுவார்ட்ஸ் ஐயர் விட்டுச் சென்ற பணம் இருந்தது. 1816இல் ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, குறைகள் நடுவிலும் சபைகள் நிலைத்திருந்தன.

சரபோஜி மன்னர் தம் குருவுக்காகத் தஞ்சாவூர் ஆலயத்தில் வைத்த பளிங்குச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். உயிலின் பலனுக்கு அப்படி ஒரு சிலை இல்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளே அதற்குச் சாட்சி.

"அவருக்குப் பிள்ளைகள் இல்லை; நமக்கு உண்டே" என்று பெரியவர்கள் சொல்லலாம். நியாயம்தான். முதலில் குடும்பம். ஆனால் முழுச் சொத்தையும் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. நூற்றில் ஒரு சிறு பங்கும் காணிக்கைதான். நாம் வாழும் இங்கிலாந்தில் உயில் எழுதாமல் இறந்தால், சட்டம் சொத்தை உறவினருக்குப் பங்கிடும். உயிரோடிருந்தபோது ஒருவர் தவறாமல் கொடுத்துவந்த ஆலயத்துக்கோ அநாதை இல்லத்துக்கோ அதில் ஒரு பென்னியும் போகாது. உயிலில் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் ஒன்றாக அருகில் இருக்க வேண்டும். உயிலால் பலன் பெறுகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. பதிவுபெற்ற அறநிறுவனத்துக்கு எழுதும் பங்குக்கு வாரிசு வரி இல்லை. நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் சரியாக எழுதுவது அவசியம்.

வாலிபராகிய நாம் பெற்றோரிடம் இதைப் பேசினால், சொத்தைக் கேட்கிறோமோ என்று அவர்கள் நினைக்கக்கூடும். "எங்களுக்கு வருவதில் ஒரு பங்கை ஊழியத்துக்கு எழுதுங்கள், எங்களுக்குச் சம்மதம்" என்று நாமே முந்திச் சொன்னால், அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.