தனித்தொகுதியும் மதமும்

வேட்பாளரின் மதத்தை வாக்காளர் பார்க்கலாமா என்று கேட்கிறோம். அரசு பார்ப்பதை மறந்துவிடுகிறோம்.

ராயப்பர் பேரால் வழங்கும் ராயபுரம் பொதுத்தொகுதி. 'எந்தச் சாமியைக் கும்பிட்டா நமக்கென்ன' என்று அங்கே ஓட்டுப் போடலாம். எண்ணூரை அடுத்த பொன்னேரி தனித்தொகுதி. அங்கே அரசே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களையும், 1956 முதல் சீக்கியரையும், 1990 முதல் பௌத்தரையும் மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. கிறித்தவத் தலித் அங்கே நிற்க முடியாது.

தமிழ்த் தொழிலாளர் நிறைந்த கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967இல் வென்ற எஸ். ராஜகோபாலின் வெற்றி, கிறித்தவராக மாறியவர் என்பதால் 1968இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1972இல் மறுபடி வென்றார். இந்துவாகத் திரும்பியவரை ஆதிதிராவிடர் தம்மவராக ஏற்றுக்கொண்டனர் என்று 1975இல் அதே நீதிமன்றம் வெற்றியை உறுதி செய்தது. மதம் மாறினால் சாதி போய்விடுமாம், திரும்பினால் வந்துவிடுமாம். சேரிக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பொதுத்தொகுதியில் நிற்கலாமே என்பார்கள். அங்கே எத்தனை கட்சி தலித்துக்கு சீட் கொடுக்குது?

மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)இன்படி முறைகேடு. தனித்தொகுதியிலோ மதமே தகுதி. வாக்காளருக்கு மதச்சார்பின்மை போதிக்குமுன் இந்த ஆணையைப் பேசவேண்டும் என்பேன்.