கறவை வெள்ளாடு: சிறு பண்ணை வீட்டில் தொடக்கம்

கறவை வெள்ளாடு வளர்ப்பு என்பது வீட்டின் பால் தேவைக்காக இரண்டு மூன்று பெட்டை ஆடுகளைக் கொட்டிலில் வைத்துப் பேணும் முறை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.88 கோடி வெள்ளாடுகளும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் இருந்தன. தமிழ்நாட்டு ஆடுகளில் பெரும்பாலானவை இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கன்னி ஆடும் கொடி ஆடும், சேலம் பகுதியின் சேலம் கருப்பும் வறட்சியைத் தாங்குவதற்குப் பேர்போனவை. ஆனால் குட்டி குடித்தது போக அவற்றின் மடியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் பாலுக்காக ஆடு வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி ‘எந்த இனம் அதிகம் கறக்கும்?’ என்பதாக இருக்கிறது. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ‘கோடையில் நாள்தோறும் பத்து கிலோ தழை எங்கிருந்து வரும்?’ என்பதே முதல் கேள்வி. வீட்டு ஆட்டுப்பண்ணை நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

தழையே முதல் முதலீடு

வெள்ளாடு மாட்டைப் போலப் புல்லை வாரி மேயும் விலங்கல்ல. அசையும் மேலுதட்டாலும் நுனி நாக்காலும் இலையையும் கொழுந்தையும் பொறுக்கித் தின்னும். எட்டாத கிளைக்குப் பின்னங்காலில் எழுந்து நிற்கும். முப்பது கிலோ எடையுள்ள பெட்டைக்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பசுந்தீவனம் தேவை. இரண்டு ஆடுகளுக்குப் பத்து கிலோ என்று வைத்தால் ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல் ஆகிறது. எண் பெரிதாகத் தோன்றினாலும் நிலம் அதிகம் வேண்டியதில்லை. வேலிமசால் பாசனத்தில் எக்டேருக்கு ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் தழை தரும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. அதில் பாதிதான் கிடைத்தது என்று கொண்டாலும் பத்து சென்ட் நிலத்தில் இரண்டு டன் கிடைக்கும். மீதியை வேலியோர அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, பூவரசு ஆகியவை ஈடுகட்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது நிலத்தின் அளவைவிடக் காலம்தான். வேலிமசால் விதைத்து மூன்று மாதத்தில் முதல் அறுப்புக்கு வரும். பிறகு நாற்பது நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். சவுண்டலுக்கு ஆறு மாதம் ஆகும், அகத்திக்கு எட்டு மாதம் ஆகும். ஆட்டைச் சந்தையில் ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதன் தீவனத்தை அப்படி வாங்க முடியாது. ஆட்டை முதலில் கொண்டுவந்து மரத்தைப் பிறகு நடுபவர், அந்த எட்டு மாதமும் கடைத் தீவனத்துக்குச் செலவழிக்கிறார். அல்லது பால் வற்றிய ஆட்டை விற்றுவிடுகிறார். நட்ட இளங்கன்றுகளையும் பெரும்பாலும் அந்த ஆடே கடித்து முடித்துவிடும்.

தழை ஒரே வகையாக இருக்கக் கூடாது. சவுண்டலில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. அது மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பயறுவகைத் தழையோடு கம்பு நேப்பியர் போன்ற புல்லும் கொஞ்சம் சேர வேண்டும். மானாவாரிப் பகுதியில் பசுந்தழை குறையும் மாதங்களுக்குக் கடலைக்கொடி, உளுந்துப் பொட்டு, துவரைப் பொட்டு, வேல மரத்து நெற்று ஆகியவற்றை அறுவடைக் காலத்திலேயே சேமிக்க வேண்டும். கறக்கும் ஆட்டுக்குப் பிண்ணாக்கும் தவிடும் தானியமும் கலந்த அடர்தீவனம் கால் கிலோ முதல் அரை கிலோ வரை போதும். மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் ஒரேயடியாக வைப்பது ஆபத்து. மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அதனால் ஒரே இரவில் ஆடு இறந்துபோகலாம்.

இனத் தேர்வு

தழைக்கு விடை கிடைத்த பிறகுதான் இனத்தைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் உண்டு. வட கேரளத்தின் கண்ணூர், கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளுக்குரிய தலைச்சேரி ஆடு, தமிழ்நாட்டில் கொட்டில் முறைக்குப் பரவலாக வளர்க்கப்படுகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவில் கறக்கும். இரட்டைக் குட்டி ஈனுவது வழக்கம். ஈரப்பதமான வெப்பத்தையும் தாங்கும். உத்தரப் பிரதேசத்து ஜமுனாபாரி அதைவிடக் கூடுதலாகக் கறக்கும் பெரிய இனம். ஆனால் யமுனை, சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் புதர்க்காட்டில் நடந்து மேய்ந்து பழகிய ஆடு அது. சிறு கொட்டிலில் அடைத்தால் அதே பாலை எதிர்பார்க்க முடியாது. சுவிட்சர்லாந்தின் சானென் மூன்று லிட்டருக்கு மேல் கறக்கக்கூடியது. ஆனால் குளிர்நாட்டு ஆடாதலால் நம் கோடை வெயிலில் தளர்ந்துவிடும்.

கறவைத் திறன் அதிகமுள்ள ஆட்டை வாங்கினால் குறைந்த தீவனத்திலும் கூடுதல் பால் கிடைக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. பால் தீவனத்திலிருந்து உருவாகிறது. இனம் அதன் உச்ச வரம்பை மட்டுமே தீர்மானிக்கிறது. தீவனம் போதாத உயர் கறவை ஆடு தன் உடற்சதையைக் கரைத்துப் பாலாக்கும். பிறகு சினை பிடிக்காமல் மெலியும். தழை வளம் நடுத்தரமாக உள்ள வீட்டில் தலைச்சேரிப் பெட்டையே நீடித்துப் பால் தரும். வாங்கும்போது தாயின் கறவையைக் கேட்டறிந்து, இரண்டு காம்புகளும் ஒத்திருக்கிறதா, கறந்தபின் மடி சுருங்குகிறதா, கண்ணிமையின் உட்புறம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இமை வெளிறியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு இருக்கும்.

கொட்டிலும் நோய்த் தடுப்பும்

வெள்ளாட்டின் இயல்பை ஒட்டியே அதன் கொட்டிலும் அமைய வேண்டும். ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரப் புல்லில் தரையிலிருந்து சில அங்குல உயரம் வரைதான் ஏறுகின்றன. மேலே உள்ள இலையைத் தின்னும் ஆடு இயல்பாகவே அவற்றிலிருந்து தப்புகிறது. மழைக்காலத்தில் தரைப்புல்லை மேயும் ஆடு அவற்றையும் சேர்த்து விழுங்குகிறது. தழையைக் கட்டாகக் கட்டித் தலையுயரத்தில் தொங்கவிடுவதற்கு இதுவே காரணம். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் பலகை இடைவெளி விட்டு அமைக்கும் பரண் முறையும் இதே கருத்தில் எழுந்தது. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கும். விழுந்த எரு தீவன மரத்துக்கே திரும்பும். ஓர் ஆட்டுக்குப் பத்து சதுர அடி இடம் போதும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் தடுப்பூசி போட வேண்டும்.

பால் சுழற்சி

வெள்ளாட்டின் சினைக்காலம் 150 நாள். ஈன்ற மூன்றாம் மாதம் மீண்டும் சினையானால் எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று, அதாவது இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று என்ற கணக்கு வரும். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும். ஆக, ஓர் ஆடு மட்டும் இருக்கும் வீட்டில் எட்டில் இரண்டு மாதம் பால் இல்லை. இரண்டு ஆடுகளை நான்கு மாத இடைவெளியில் ஈன வைத்தால் ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும். குளிர்நாட்டு ஆடுகள் குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே இணைசேரும். நம் ஆடுகள் ஆண்டு முழுதும் பருவத்துக்கு வருவதால் இந்த ஏற்பாடு இங்கு எளிது. தனித்து நிற்க விரும்பாத மந்தை விலங்குக்குத் துணையும் கிடைக்கிறது. கிடா வளர்க்கத் தேவையில்லை. ஊர்க் கிடாவோ கால்நடை மருந்தகத்தின் செயற்கைக் கருவூட்டலோ போதும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடிக்க வேண்டும். தாயின் நோயெதிர்ப்புச் சக்தி அதற்கு அந்தப் பாலின் வழியாகவே கிடைக்கிறது. சில வாரம் கழித்து, இரவில் குட்டியைத் தனியே அடைத்துக் காலையில் கறந்துகொண்டு, பகலில் தாயோடு விட்டால் குட்டியும் வளரும். வீட்டுக்கும் அரை லிட்டர் அளவில் பால் கிடைக்கும்.

பாலின் பயனும் எச்சரிக்கையும்

ஆட்டுப்பாலின் கொழுப்புத் துகள்கள் பசும்பாலினதைவிடச் சிறியவை. எளிதில் செரிக்கும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஓரளவு இடமுண்டு. ஆனால் அதை மருந்தாகப் போற்றுவது மிகை. பசும்பாலில் உள்ள அளவுக்கு நெருக்கமான லாக்டோஸ் அதிலும் உண்டு. பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு இதுவும் ஒவ்வாது. ஃபோலேட் சத்து மிகக் குறைவு என்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தரவே கூடாது. பச்சையாகக் குடிப்பதும் தவறு. மால்டா தீவில் பிரிட்டிஷ் படையினரை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அது ஆட்டுப்பால் வழியே பரவுகிறது என்பது 1905இல் தெமிஸ்டாக்ளிஸ் சாம்மித்தின் ஆய்வால் தெரியவந்தது. கிருமியைச் சுமந்த ஆடுகள் நோயின் அறிகுறியே இல்லாமல் இருந்தன. படையினருக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. எவ்வளவு நலமாகத் தெரியும் ஆட்டின் பாலையும் காய்ச்சியே குடிக்க வேண்டும். ‘ஆட்டுப்பால் வீசும்’ என்ற குறைக்குப் பெரும்பாலும் கழுவாத மடியும் பாத்திரமும், கறந்த பாலைக் காய்ச்சாமல் வைத்திருப்பதும், அருகில் கட்டிய கிடாவுமே காரணம்.

எதிர்வாதங்கள்

ஆடு மேய்ந்து தானே பிழைத்துக்கொள்ளும், மரம் நடுவது வீண் வேலை என்பது முதல் எதிர்வாதம். இறைச்சிக்கு வளர்க்கும் நாட்டு ஆட்டுக்கு அது பொருந்தும். கோடையில் மெலிந்து மழையில் தேறிவிடும். கறவையில் இருக்கும் ஆட்டுக்கு அந்த ஏற்ற இறக்கம் கட்டாது. தீவனம் குறைந்த சில நாளிலேயே பாலும் குறையும். ஆடுகள் பசுமையை அழிப்பவை என்பது இரண்டாவது. திறந்துவிட்ட ஆடு அழிப்பது உண்மைதான். தழையை அறுத்துப் போட்டு வளர்க்கும் ஆடு, வேலிதோறும் மரம் நட வைக்கிறது. பசு ஒன்று இருந்தால் போதாதா என்பது மூன்றாவது. பாலை விற்க விரும்புபவருக்குப் பசுவே சரி. ஆட்டுப்பாலுக்கு ஊர்தோறும் கொள்முதல் நிலையம் கிடையாது. ஆனால் ஒரு பசுவுக்கு வேண்டிய தழையில் பாதிக்கும் குறைவானதே இரண்டு ஆடுகளுக்குப் போதும். பசு வற்றினால் வீட்டுப் பால் மொத்தமும் நிற்கும். சிறு நிலத்தில் குடும்பத்துக்கு மட்டும் பால் வேண்டுவோருக்கு ஆடே பொருத்தம்.

எனவே தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஆடிப்பட்டம்; அப்போது வாங்க வேண்டியவை விதையும் நாற்றும். ஆடியில் நட்ட அகத்தி பங்குனியில் அறுப்புக்கு வரும். அந்தப் பங்குனி, சித்திரை வெயிலிலும் வேலியும் பத்து சென்ட் தோட்டமும் சேர்ந்து நாள்தோறும் பத்து கிலோ தழை தருமானால் இரண்டு பெட்டைகளை வாங்கலாம். ஐந்து கிலோதான் கிடைக்கிறதென்றால் இன்னொரு வரிசை மரம் நட்டு அடுத்த ஆண்டு வரை பொறுக்க வேண்டும். ஆட்டுக்கும் வீட்டாருக்கும் நன்மை தரும் வரிசை இதுவே.