தங்கச்சியா, மச்சாளா?

போன மாதம் பிறிட்ஸ் முருகன் கோயிலில் அன்னதானம் முடிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். பிறந்தநாளுக்கு யாரோ சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்களாம். குழாய்க்குள் எச்சில் துப்பி அனுப்பியிருக்கிறான். திரையில் ஒரு வரைபடம், அதில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே நிறம். "அண்ணா, இதுக்கா இவ்வளவு காசு? அம்மாட்டைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பா" என்றான்.

சிரித்துவிட்டு ஊ-7 ரயில் ஏறினேன். ஹெர்மன்பிளாட்ஸ் வரும்வரை எங்கள் குடும்பத்தில் எடுத்த இன்னொரு எச்சில்தான் மனதில் ஓடியது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1984 செப்டெம்பர் 10, திங்கட்கிழமை காலை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஓர் எக்ஸ்ரே படலத்தைக் கழுவி எடுத்தார். படலம் முழுக்கக் கறுப்புக் கோடுகள். ஆளுக்கு ஆள் கோடுகள் வேறுபட்டன. ஆனால் அவருடைய உதவியாளரின் கோடுகளில் பாதி அவர் அம்மாவிடமும் மீதி அப்பாவிடமும் இருந்தன.

அந்தக் கோடுகள் என்ன? எங்கள் மரபணு நூலில் சில இடங்களில் ஒரே சொல் அடுத்தடுத்து வரும். காவடி போகும்போது கூட்டம் "அரோகரா, அரோகரா" என்று சொல்வதைப் போல. ஒருவர் ஏழு தரம் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் பத்துத் தரம் சொல்வார். சொல் ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு. இவை பெரும்பாலும் உடம்புக்கு எந்த வேலையும் செய்வதில்லை. அதனால்தான் எண்ணிக்கை கூடிக் குறைந்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை, ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம். (மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பிடிக்கும். ஒருவரும் தொடாத பழைய வரிகள்தான் ஒரு புரோகிராமை யார் எழுதியது என்று காட்டிக்கொடுக்கும்.)

இந்தக் கண்டுபிடிப்பை முதலில் பயன்படுத்தியது கொலை வழக்கில் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். படங்களில் அப்படித்தானே வரும். உண்மையில் முதல் வழக்கு எங்களைப் போன்றவர்களுடையது. இங்கிலாந்தில் பிறந்து கானாவுக்குப் போய்த் திரும்பிவந்த ஒரு பையனைக் குடிவரவு அதிகாரிகள் மறித்தார்கள். இவன் மகன் இல்லை, அந்தப் பெண்ணின் சகோதரி மகனாக இருக்கலாம் என்றார்கள். அப்பாவின் இரத்தம் கிடைக்கவில்லை. லண்டன் சட்ட உதவி மையம் ஒன்று ஜெஃப்ரிஸைத் தேடிப்போனது. அவர் அம்மாவையும் சந்தேகம் இல்லாத மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதித்தார். அந்தப் பிள்ளைகளிடம் இருந்து அம்மாவிடம் இல்லாத கோடுகள் அப்பாவுடையவை. அப்படிக் காணாத அப்பாவையே கோடு கோடாகக் கட்டியெழுப்பினார். பையனின் கோடுகள் எல்லாம் இந்த இரண்டு பக்கத்திலும் பொருந்தின. 1985 இல் அரசு வழக்கைக் கைவிட்டது. இதே முறையில் பிடிபட்ட முதல் கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தது 1988 இல்தான்.

பிறகு முறை மாறியது. நீளமான தொடர்களை விட்டு நாலெழுத்துத் தொடர்களுக்கு வந்தார்கள். டி.எச்.-01 என்ற இடத்தில் ஏ-ஏ-டி-ஜி என்ற நாலெழுத்து அடுத்தடுத்து வரும். அம்மாவிடமிருந்து ஓர் எண், அப்பாவிடமிருந்து ஓர் எண். பலருக்கு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று இருக்கும். ஓர் இடம் மட்டும் பொருந்தினால் அதற்குப் பெறுமதி இல்லை, பதினைந்து இடம் பொருந்தினால் பேச்சே இல்லை. ஜேர்மன் பொலிஸின் மத்திய தரவுத்தளமும் 1998 முதல் இப்படித்தான் எண்களாக வைத்திருக்கிறது.

எங்கள் ஊரிலும் இது ஒருமுறை உலகச் செய்தியானது. 2004 சுனாமி அன்று கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். அன்றைய 81 ஆவது நோயாளி என்பதால் 'குழந்தை 81' என்ற பெயர். ஒன்பது தம்பதிகள் உரிமை கேட்பதாகப் பத்திரிகைகள் எழுதின. பின்னர் பார்த்தால் நீதிமன்றம் போனது ஒரே தம்பதி. ஆனாலும் நீதிமன்றம் சோதனை கேட்டது. 2005 பெப்ரவரி 14 இல் முடிவு வந்தது, பிள்ளை அவர்களுடையதுதான்.

எங்கள் சித்தப்பாவுக்கு இங்கே அகதி அந்தஸ்து கிடைத்தபோது சித்தியும் மூன்று பிள்ளைகளும் வவுனியாவில் இருந்தார்கள். போரில் பிறப்புச் சான்றிதழ்கள் போய்விட்டன. 2010 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் மரபணுச் சோதனைச் சட்டத்தில் குடும்ப இணைவு விசாவுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாதவருக்கு வேறு என்ன வழி?

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டு மொழிபெயர்ப்பாளரும் நான்தான். சொன்னன்அல்லேயில் சித்தப்பாவின் சின்ன அறையில் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு பெடியளுக்கும் எல்லாம் பொருந்தியிருந்தது. மூத்தவளுக்கு 'அவுஸ்கெஷ்லொஸன்' என்று எழுதியிருந்தது. வாய்ப்பே இல்லை என்று அர்த்தம். வெளியே தள்ளப்பட்டது என்றும் அர்த்தம்.

அவள் மாமியின் மகள். மாமியும் அவரின் கணவரும் ஷெல் விழுந்து இறந்தபோது அவளுக்கு ஒரு வயது. அன்றிலிருந்து சித்தப்பாவும் சித்தியும்தான் அம்மா அப்பா. தத்தெடுப்புத் தாள் என்று ஒன்று எழுத வேண்டும் என்று அந்த நேரம் யாருக்குத் தோன்றும்? சித்தப்பா பொய் சொல்லவில்லை. "என்ரை பிள்ளையள் மூண்டு" என்றுதான் படிவத்தில் எழுதச் சொன்னவர், நான்தான் நிரப்பினேன். எனக்கும் அப்போது உண்மை தெரியாது. ஆய்வுகூடமும் பிழை செய்யவில்லை. அது எண்ணியது சரிதான்.

கானாப் பையன் விஷயத்தில் அதிகாரிகள் சந்தேகப்பட்டது பொய்யாயிற்று, எங்கள் வீட்டில் அது உண்மையாயிற்று. தம்பிமார் இருவரும் சித்தியோடு வந்துசேர்ந்தார்கள். அவள் அப்பம்மாவுடன் நின்றாள். கடிதத்தின்படி அவள் எனக்கு மச்சாள் முறை. நான் பிறந்ததிலிருந்து தங்கச்சி என்று தெரிந்தவளை எப்படி மச்சாள் என்று கூப்பிடுவது? கூப்பிடவில்லை.

இப்போது வவுனியாவில் ரீச்சராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவுக்கு வீடியோவில் எடுப்பாள். போன கிழமை நானும் அங்கே இருந்தேன். "அப்பா, பிரஷர் குளிசை போட்டனீங்களோ?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.