பனியாற்றில் கயிறு: ஆல்ப்ஸிலிருந்து டார்ஜிலிங் வரை

பனியாறு பார்வைக்கு உறைந்து கிடந்தாலும் சரிவில் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நகர்வில் மேற்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பின் மேல் புதுப்பனி மூடிவிட்டால், கண்ணுக்குத் தெரிவது வெண்ணிற வெளி மட்டுமே. தனியே நடப்பவர் அதற்குள் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. மூன்று, நான்கு பேர் இடைவெளி விட்டு ஒரே கயிற்றில் பிணைந்து நடக்கும் வழக்கம் இந்த ஆபத்திலிருந்து பிறந்தது.

அது நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 1820இல் மொன் பிளாங் மலையில் டாக்டர் ஹாமெலின் குழுவைப் பனிச்சரிவு தாக்கி, வழிகாட்டிகள் மூவரைப் பிளவுக்குள் தள்ளியது. மறு ஆண்டே ஷாமோனியில் வழிகாட்டிகளின் சங்கம் உருவானது. மாண்டவர்களின் எச்சங்கள் 1861இல் பொசோன் பனியாற்றின் அடியில் வெளிவந்தன. நாற்பது ஆண்டுகளாகப் பனி அவர்களைக் கீழே சுமந்து வந்திருந்தது. 1865இல் மாற்றர்ஹோர்ன் மலையிலிருந்து எழுவர் ஒரே கயிற்றில் இறங்கினர். ஒருவர் வழுக்கினார், கயிறு அறுந்தது, நால்வர் இறந்தனர். நல்ல கயிறும் அதைக் கையாளும் பயிற்சியும் இல்லாவிட்டால் பிணைப்பே எமனாகும் என்பதை ஐரோப்பா அன்று துயரத்தோடு அறிந்தது. பின்னர் 1931இல் கார்ல் புரூசிக் வெளியிட்ட முடிச்சு, பிளவில் தொங்குபவர் தானாகவே கயிற்றில் ஏறிவர வழி செய்தது. சணல் கயிற்றின் இடத்தை நைலோன் பிடித்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில்தான்.

1953 ஏப்ரலில் கும்பு பனியாற்றில் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் ஒரே கயிற்றில் இறங்கிவந்தனர். ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தபோது விளிம்புப் பனி உடைந்து அவரோடு உள்ளே சரிந்தது. டென்சிங் கணப்பொழுதில் கோடாரியைப் பனியில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இறுக்கினார். ஹிலாரி உயிர் தப்பினார். அடுத்த மாதம் இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றனர்.

அந்தத் திறமையைக் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயும் விரும்பினர். 1954 நவம்பர் 4இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கியது. மேஜர் நரேந்திர தர் ஜயால் முதல் அதிபர்; களப்பயிற்சிக்குப் பொறுப்பு டென்சிங். அவரும் சில செர்ப்பாக்களும் முன்னதாகவே சுவிற்சர்லாந்தில் ஆர்னோல்ட் கிளாற்ஹார்ட்டிடம் பயின்றிருந்தனர். ஆல்ப்ஸ் வழிகாட்டிகளின் கயிற்று அறிவு ஆசியாவில் பாடத்திட்டமாக மாறியது இப்படித்தான்.

அடிப்படைப் பயிற்சி 28 நாள்; அதன் பனிப்பாடம் சிக்கிமின் ரத்தோங் பனியாற்றில். முன்னால் செல்பவர் கோடாரிக் காம்பால் பனியைக் குத்திப் பார்த்து அடி வைக்கிறார். அடுத்தவருக்கும் அவருக்கும் இடையே பத்து, பதினைந்து மீற்றர். கயிறு தொய்ந்து இழுபடவும் கூடாது, விறைத்து நிற்கவும் கூடாது. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் உடனே குப்புற விழுந்து, கோடாரி முனையைப் பனியில் பதித்து, உடற்பாரத்தை அதன்மேல் போடுகிறார்கள். பிறகு பாரத்தை ஒருவர் தாங்க, மற்றவர் பனியில் பிடிமானம் அமைக்கிறார். கயிறு அதற்கு மாற்றப்பட்டு, கப்பி முறையில் விழுந்தவர் மேலே இழுக்கப்படுகிறார். தூக்குவதைவிட முதற்கணம் தடுப்பதே கடினம். அதனால் அதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

இலங்கையின் வன்னியில், ஏ9 வீதியோரத்தில் குளமும் வயலும் காடுமாக இருக்கும் ஓமந்தைக்குப் பனி அறிமுகமில்லை. இலங்கையின் அதியுயர் மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான்; அங்கும் பனியாறு கிடையாது. வன்னியாரோ கொழும்பாரோ, இந்தக் கயிற்றுப் பயிற்சியைக் கடல் கடந்தே கற்க வேண்டும். ஜயந்தி குரு உதும்பால 2003இல் டார்ஜிலிங்கில் பயின்றார். 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஆனார். அவருடன் சென்ற யொஹான் பீரிஸ் அம்முறை 8,400 மீற்றர் உயரத்திலிருந்து திரும்ப நேர்ந்தது. 2018 மே 22இல் அவரும் உச்சியை அடைந்தார்.